பிளஸ் டூ மாணவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உதவுவது எப்படி: தன்னார்வலர்களுக்கான முழு வழிகாட்டி

பள்ளியில் வாக்காளர் சேர்ப்பு முகாம் நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பேனர், மேசை, படிவக் கட்டு எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் விண்ணப்பங்கள் சிக்குவது அந்த நாளில் இல்லை. முந்தின வாரம் யாரும் கேட்காத ஒரு கேள்வியால் சிக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் யாரும் எடுக்காத ஒரு போன் அழைப்பால் சிக்கும். அதனால் இங்கே முகாமுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது இது. புதிதாகச் சேர்பவருக்கான படிவம் 6 நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் யாரைப் பார்ப்பது, எங்கே கொடுப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

1. பிறந்த தேதியை வைத்துப் பிரியுங்கள்

ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்த நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2008 மார்ச் 15 அன்று பிறந்த மாணவிக்கு 2026 ஏப்ரல் 1 தகுதி நாள். ஏப்ரல் 1 அன்றே பிறந்தவருக்கும் அதுவேதான். ஏப்ரல் 2 அன்று பிறந்தவர் ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வித்தியாசம் மூன்று மாதமாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம்: 17 வயது முடிந்தவரும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அவருடைய தகுதி நாள் வரும் காலாண்டில் அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிப்பார்கள். பிளஸ் டூ வகுப்பில் பெரும்பாலோர் 17 வயதுக்காரர்கள்தான் என்பதால், உங்கள் முகாமுக்கு அடிப்படையே இந்த விதிதான். ஆனால் இதை மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் “கொடுத்து மூணு மாசமாச்சு, ஒண்ணுமே வரலை” என்று அவர் கைவிட்டுவிடுவார்.

ஆக, வகுப்பாசிரியரிடம் பேசி மூன்று பட்டியல் தயார் செய்யச் சொல்லுங்கள்: 18 முடிந்தவர், 17 முடிந்தவர், இரண்டும் ஆகாதவர். மூன்றாவது பட்டியலில் இருப்பவரை வரிசையில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். இந்தப் பட்டியல் பள்ளியிலேயே இருக்கட்டும், உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வர வேண்டாம்.

2. பள்ளியிடமும் தாலுகா அலுவலகத்திலும் முன்பே பேசுங்கள்

தலைமை ஆசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குக் கட்சிச் சார்பு இல்லை, கட்சித் துண்டோ சின்னமோ படமோ வராது என்பதை அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அடுத்தது வாக்காளர் பதிவு அலுவலர் தரப்பு. நடைமுறையில் இதற்குத் தாலுகா அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். மாநகராட்சிப் பகுதி என்றால் மண்டல அலுவலகமாக இருக்கலாம். முகாம் நாளன்று ஓர் அலுவலரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இதைத் தவற விடவே கூடாது. காரணம், தனி ஆளோ அமைப்போ படிவங்களை மொத்தமாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். புதிதாக வரும் தன்னார்வலர்கள் நாள் முழுக்க உழைத்துப் படிவங்களைச் சேர்த்துவிட்டு, மறுநாள் அலுவலக வாசலில் நின்றுகொண்டு இந்த விதியைத் தெரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. அலுவலர் பள்ளிக்கே வந்தால் மாணவரே அவர் கையில் கொடுத்துவிடலாம்.

பள்ளிக்குப் பக்கத்து வாக்குச்சாவடியின் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வந்தால் போதுமா? போதாது. மாணவர்கள் பல ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவரவர் வீடு இருக்கும் பாகத்துக்குத்தான், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதிக்குத்தான், விண்ணப்பம் போக வேண்டும். தொகுதி முழுமைக்கும் வாங்கக்கூடிய உதவிப் பதிவு அலுவலரின் ஆள் வந்தால் நல்லது. வேறு தொகுதி மாணவர்களை இணையவழிக்குத் திருப்பிவிடுங்கள்.

அலுவலகத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “இப்போது படிவம் 6 மட்டும் போதுமா, கூட ஏதாவது வேண்டுமா?” 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, அதாவது வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்துப் புதிதாகத் தயாரித்தபோது, படிவம் 6 உடன் தனியாக ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். பழைய பட்டியலில் பெற்றோர் பெயர் இருந்த விவரத்தை அதில் எழுத வேண்டியிருந்தது. அது தெரியாமல் பழைய கட்டை எடுத்துக்கொண்டு போனால் வேலை இரட்டிப்பாகும்.

3. ஒரு வாரம் முன்பே துண்டுச்சீட்டு கொடுத்தனுப்புங்கள்

மாணவர் வீட்டிலிருந்து என்ன கொண்டு வர வேண்டும் என்று ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் பாதிதான் வந்து சேரும்.

வயதுச் சான்று: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகல். பிறந்த தேதி அதிலேயே இருக்கிறது, பிளஸ் டூ படிக்கும் எல்லாரிடமும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட் எதுவானாலும் சரிதான். ஆனால் ஆதாரில் ஒரு தேதி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு தேதி என்றிருப்பவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்து அனுப்பாமல், எது சரியோ அதை மட்டும் சான்றாக வைக்கச் சொல்லுங்கள். மற்றதைத் திருத்துவது தனி வேலை.

முகவரிச் சான்று: ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், குடிநீர், மின்சாரம் அல்லது எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் போன்றவை. மாணவர் பெயரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் அப்பா அல்லது அம்மா பெயரில் இருந்தால் போதும். எல்லார் வீட்டிலும் முதலில் கையில் எடுப்பது ரேஷன் கார்டைத்தான்; ஆனால் படிவத்தில் அச்சிட்ட பட்டியலில் அது இல்லை. அதை மட்டும் நம்பி வராமல் இருக்கச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அப்பா அல்லது அம்மாவின் வாக்காளர் அட்டை எண்: இதைப் பலர் சீட்டில் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் பலன் அதிகம். அந்த எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் போட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வந்துவிடும். ஒரே குடும்பம் இரண்டு பாகங்களில் சிதறாமல் இருப்பதற்கும் இதுவே வழி.

போட்டோ: வெள்ளைப் பின்னணியில் எடுத்த கலர் பாஸ்போர்ட் அளவுப் படம். முகம் நேராகத் தெரிய வேண்டும், படத்தின் மேல் கையெழுத்து கூடாது.

கைப்பேசி: ஆதாரோடு இணைத்த எண் யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஏன் என்பது ஆறாவது பகுதியில்.

4. முகாம் நாளில் முதல் மேசை: சரிபார்ப்பு

படிவத்தை எல்லாருக்கும் முதலிலேயே விநியோகித்துவிடாதீர்கள். கையில் காகிதம் கிடைத்ததும் மாணவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் அடித்தல் திருத்தல்தான். முதல் மேசையில் சான்றுகளைப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் படிவம் கொடுங்கள். ஏதாவது குறைந்தால் என்ன குறைகிறது என்று சீட்டில் எழுதி, அடுத்து எங்கே கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

இந்த மேசையில் இருப்பவருக்குப் பக்குவம் வேண்டும். படிவம் 6 இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களில் குடியுரிமை இல்லாதவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான உறுதிமொழியாகிவிடும்; 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். நம் ஆர்வத்தில் ஒரு பிள்ளையை இதில் மாட்டிவிடக் கூடாது. அதற்காக வகுப்பில் “முகாம் பிள்ளைகள் யாரு?” என்று கேட்பதும் மகா தப்பு. குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் துண்டுச்சீட்டின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

5. இரண்டாம் மேசை: படிவத்தை மாணவரே எழுத வேண்டும்

பேனா மாணவர் கையில்தான் இருக்க வேண்டும். வேகமாக முடியட்டும் என்று தன்னார்வலர் எழுதிக் கொடுத்தால், தன் படிவத்தில் என்ன இருக்கிறது என்றே மாணவருக்குத் தெரியாது. பிறகு பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து கேட்கும்போது திருதிருவென விழிப்பார். உங்கள் வேலை பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பதுதான்.

பெயர். நம்மூரில் பெரிய தலைவலி இனிஷியல். படிவத்தில் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. குடும்பப் பெயர் இல்லாதவர் அதைக் காலியாக விடலாம். அப்பா பெயரை அங்கே எழுதினால் அட்டையில் மாணவர் பெயரே நீண்டுபோய் வரும். அப்பா, அம்மா பெயருக்கு உறவினர் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. மொத்தத்தில், சான்றாக வைக்கும் ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அதை ஒட்டியே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து. இணையத்தில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் தமிழ்ப் பெட்டி தானே நிரம்பும். வசதிதான், ஆனால் ல, ள, ழ மூன்றும் அதற்கு ஒன்று. குறில் நெடில், ன, ண எல்லாம் இடம் மாறும். தமிழ்ப் பெட்டியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துத் திருத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாதீர்கள். காகிதப் படிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதைக் கணினியில் ஏற்றுபவர் வேறொருவர், அவர் ஊகிக்கும்படி விடக் கூடாது.

உறவினர். அப்பாதான் என்று கட்டாயம் இல்லை. அம்மா பெயரும் கொடுக்கலாம். பெற்றோர் இல்லாத மாணவர் சட்டப்படியான பாதுகாவலர் பெயரைக் கொடுக்கலாம். பாலினத்தில் மூன்றாம் பாலினத்தவர் என்ற தெரிவும் இருக்கிறது, அவர்கள் குருவின் பெயரைத் தரலாம். இந்த இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்க்காதபடி இருக்கைகளைத் தள்ளிப் போடுங்கள்.

கைப்பேசி எண். மாணவருடையது அல்லது வீட்டாருடையது. தன்னார்வலரின் எண்ணை ஒருபோதும் போடக் கூடாது. “அவன்கிட்ட போன் இல்ல, என் நம்பரைப் போட்டுடறேன்” என்று உதவும் மனதோடு செய்வார்கள். பிறகு ஓடிபி, நிலவரத் தகவல், அட்டையைப் பதிவிறக்கும் வழி எல்லாமே அந்நியர் ஒருவரின் போனில் கிடக்கும்.

ஆதார் எண். ஆதார் இல்லை என்று குறிக்கவும் படிவத்தில் இடம் உண்டு. ஆதார் எண் தர இயலவில்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆதார் கொண்டுவர மறந்தவரைத் திருப்பி அனுப்பும் முன் இது நினைவில் இருக்கட்டும்.

முகவரி. இப்போது வழக்கமாக வசிக்கும் இடம்தான் கணக்கு. விடுதி மாணவருக்கு இரண்டு வழி உண்டு: பெற்றோர் இருக்கும் சொந்த ஊரிலேயே பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம், ஆனால் அதற்குத் தலைமை ஆசிரியர் தரும் சான்று தேவை. பிளஸ் டூ மாணவருக்கு நான் எப்போதும் சொல்வது சொந்த ஊர். சில மாதங்களில் விடுதியைக் காலி செய்துவிடுவார்கள், சரிபார்க்க பி.எல்.ஓ. வரும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள். உறுதிமொழிப் பகுதியில் மாதமும் ஆண்டும் கேட்டிருக்கும். இதைத்தான் அதிகம் பேர் காலியாக விடுகிறார்கள். பிறந்ததிலிருந்து அதே வீடு என்றால் பிறந்த மாதமும் ஆண்டும். வாடகை வீடு மாறியவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதலாம். கீழே பிறந்த ஊர், மாவட்டம், மாநிலம். கடைசியில் இடம், தேதி, கையெழுத்து. கையெழுத்து விட்டுப்போன படிவங்களுக்குக் குறைவே இல்லை, எனவே வாங்கும்போது முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான பகுதியை நிரப்பலாம், கட்டாயமில்லை. நிரப்பினால் வாக்குப்பதிவு நாளில் தேவைப்படும் வசதிகளைத் திட்டமிட உதவும் என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள்.

6. கொடுப்பது: காகிதமா, இணையமா?

இணையத்தில் விண்ணப்பிக்கத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளம் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. போட்டோவும் சான்றுகளும் ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். இப்போதைய போன்களில் எடுத்த படம் இதைத் தாண்டிவிடும், சுருக்கத்தான் வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். 2025 செப்டம்பரில் இணையவழி விண்ணப்பத்துக்கு ஆதார் வழியான மின்கையொப்பம் வந்தது. ஓடிபி ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். மாணவரின் ஆதாரில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண், அந்த நேரத்தில் அவர் வேலையில் இருப்பார். அதனால்தான் துண்டுச்சீட்டிலேயே கேட்கச் சொன்னேன். விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் பொருந்தவும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மல்லுக்கட்டாமல் காகிதப் படிவத்துக்கு மாறிவிடுங்கள். காகிதம் எந்த விதத்திலும் இரண்டாம் தரம் இல்லை.

பள்ளிக் கணினியிலோ உங்கள் போனிலோ விண்ணப்பித்தால், ஒவ்வொருவர் முடித்ததும் வெளியேறி, ஏற்றிய ஆதார், சான்றிதழ் படங்களை அவர் கண் முன்னால் அழித்துவிடுங்கள். காகித நகல்களும் அப்படித்தான். மிஞ்சியதைக் கையோடு திருப்பிக் கொடுங்கள்.

கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு அல்லது விண்ணப்ப எண் வரும். அதை மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும், போனில் மட்டும் வேண்டாம்.

தேர்தல் நெருங்குகிறது என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. அதற்கு முன் சரிபார்க்கவும் ஆட்சேபம் கேட்கவும் அவர்களுக்கு நாள் வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் பயனிருக்காது.

7. அடுத்த மாதம்: யாரும் செய்யாத வேலை

படிவம் கொடுத்த பிறகு விண்ணப்பதாரர் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விடுவார்கள். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பிறகு பதிவு அலுவலர் முடிவெடுப்பார்.

பி.எல்.ஓ.வின் வருகையில்தான் நிறைய கோட்டை விடுகிறார்கள். அவர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், இது அவருக்குக் கூடுதல் வேலை. வரும்போது வீட்டில் பாட்டி மட்டும் இருந்து, “அப்படி யாரும் எழுதிக் கொடுக்கலையே” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எனவே முகாம் முடிந்த அன்றே மாணவரிடம் சொல்லி அனுப்புங்கள்: வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடு. பி.எல்.ஓ.வின் பெயரையும் எண்ணையும் ஆணையத்தின் தளத்திலேயே பார்க்கலாம், 1950 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மூன்று நான்கு வாரம் கழித்துப் பள்ளிக்கு ஒருமுறை போய், ஒவ்வொருவரும் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்க உதவுங்கள். முன்கூட்டி விண்ணப்பித்த 17 வயதுக்காரர்கள் தங்கள் காலாண்டில் பார்த்தால் போதும். முகாமின் எண்ணிக்கையைக் கேட்டால் எத்தனை படிவம் கொடுத்தோம் என்று சொல்கிறார்கள், எத்தனை பெயர் பட்டியலில் ஏறியது என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு இரண்டாவதுதான் கணக்கு.

நிராகரிப்பு வந்தால் முதலில் காரணத்தைப் பாருங்கள். சான்று தெளிவாக இல்லை, ஆள் வீட்டில் இல்லை என்பது போன்றவை என்றால் மறுபடி விண்ணப்பிப்பதுதான் சுருக்கு வழி. முடிவே தவறு என்று தோன்றினால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

8. அட்டை வந்ததும்

அட்டை தபாலில் வரும். கைப்பேசி எண் பதிந்திருந்தால் மின்னணு அட்டையைத் தளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், பிறந்த தேதி, உறவினர் பெயர், முகவரி நான்கையும் அன்றே பார்த்து, பிழை இருந்தால் படிவம் 8 கொடுக்கச் சொல்லுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. பெயர் இருந்து அட்டை இல்லை என்றால் ஆணையம் அறிவிக்கும் மாற்று அடையாள ஆவணம் ஒன்றைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அட்டை இருந்து பெயர் இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, இந்த மாணவர்கள் கல்லூரிக்கென்று வேறு ஊருக்குப் போவார்கள். அங்கேயும் ஒரு முகாம் நடக்கும், அங்கேயும் யாராவது படிவம் 6 நீட்டுவார்கள். அதை வாங்கி நிரப்பினால் இரண்டு இடத்தில் பதிவு செய்த குற்றமாகிவிடும். புது ஊரில் ஓட்டு வேண்டுமென்றால் இடமாற்றத்துக்கும் படிவம் 8தான். வேண்டாமென்றால் சொந்த ஊர்ப் பதிவையே வைத்துக்கொள்ளலாம்.